ஹெட்லைட்டில் தெரிந்தவள்

பிப்ரவரி 11

அன்புள்ள வாலுக்கு,

நீ போனை எடுக்கவில்லை. ஒரு நாள் எடுக்காவிட்டால் கை வேலையாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்ளலாம். வாரக்கணக்கில் எடுக்காவிட்டால் கோபம் என்றுதான் அர்த்தம். அதுகூடப் புரியாத அளவுக்கு உன் அக்கா மக்கு இல்லை. அதனால்தான் கடிதம். கிழித்துப் போடுவதற்காவது நீ இதைக் கையில் எடுத்துத்தானே ஆக வேண்டும்.

உங்கள் முதலாளியின் ஷெட்டில் எடுத்த படங்கள் நன்றாக வந்திருக்கின்றன. பச்சை பென்ட்லியின் கதவுக் கைப்பிடி, டெய்ம்லரின் முகப்பில் மேலே நெளிநெளியாக ஓடும் அந்த விளிம்பு, பெரிய கறுப்பு ரோல்ஸ் ராய்ஸின் பின்சீட்டு மடிப்பு மேஜை. பழைய கார்கள் புத்தகத்தின் எடிட்டர் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "இந்தக் காரையெல்லாம் நீ தொட்டுத் தடவிப் பாத்துட்டுத்தான் எடுத்திருக்கே"ன்னாள். முழுக் காரை எடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள், இந்த மாதிரி ஒரு திருகாணியை எடுக்க ஆள் இல்லை என்றும் சொன்னாள். நான் தொடவில்லை, தொட்டதெல்லாம் நீதான். நீ அப்படிப் பாலிஷ் போட்டு வைத்திருக்காவிட்டால் என் லென்ஸ் என்னத்தைப் பிடித்திருக்கும்?

ஹெட்லைட் படத்தில் ஒரு பிரதி உனக்கு வைத்திருக்கிறேன். புத்தகத்தின் அட்டைக்கு அதைத்தான் எடுத்திருக்கிறார்கள். நீ வெள்ளைத் துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாயே, அந்தப் பக்கத்து விளக்கு. குரோமியத்துக்கு ஒளிவு மறைவு கிடையாது, எதிரில் எது நின்றாலும் காட்டிவிடும். அதில் நீ கட்டைவிரல் அளவுக்குத் தெரிந்தாய். கம்ப்யூட்டரில் எடுத்துவிட்டேன். தொழில் அப்படி. என்னையே நான் எத்தனை பம்பரிலிருந்து அழித்திருக்கிறேன்! தப்பாக நினைத்துக்கொள்ளாதே.

அப்புறம் அந்த விஷயம். நான் காரைவிட்டு இறங்கியதும் "வாங்க மேடம்" என்றது நீதானே? நான் திகைத்துப்போய் நின்றேன். பக்கத்தில் எடிட்டர், எதிரில் உங்கள் முதலாளி. நீ அப்படி ஆரம்பித்துவிட்ட பிறகு நடுவில் எப்படி மாற்றுவது? நீ விளையாட்டுக்குச் செய்கிறாய் என்றுகூட நினைத்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வரலாம் என்றுதான் இருந்தேன், எடிட்டர் உடனே கிளம்ப வேண்டும் என்றாள். அம்மாவுக்கு என் மேல் வருத்தமில்லையே?

பதில் போடு.

உன் அக்கா


பிப்ரவரி 17

மேடம் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதமும் படமும் வந்து சேர்ந்தன. படம் பிரமாதம். நான் இல்லாமல் இன்னும் சுத்தமாக இருக்கிறது.

போனை ஏன் எடுக்கவில்லை என்றால், எடுத்தால் நீ அழுவாய். நீ அழுதால் நான் சமாதானமாகிவிடுவேன். சின்ன வயதிலிருந்து இதே வேலை. என் பென்சிலை ஒடித்தது நீ, அழுததும் நீ, சமாதானப்படுத்தியது நான். இந்த முறை அப்படி ஆகக் கூடாது என்று வைராக்கியமாக இருக்கிறேன். எழுது. எழுத்தில் உன் கண்ணீர் தெரியாது.

"வாங்க மேடம்" என்றது நான்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்னால் நடந்தது உனக்கு மறந்துவிட்டதா, மறந்த மாதிரி இருக்கிறாயா? நீ காரைவிட்டு இறங்கினாய். ஷெட் வாசலில் நான் நின்றேன். எண்ணெய்க் கறை படிந்த மேலங்கி, தலையில் துணி, கையில் வாளி. எனக்கு வாயெல்லாம் பல். நான்கு வருஷம் கழித்துப் பார்க்கிறேன் அல்லவா! நீ என்னைப் பார்த்தாய், பார்த்துவிட்டு டெய்ம்லரைப் பார்த்தாய். அந்த ஒரு பார்வையில் எனக்கு விளங்கிவிட்டது. நீ சங்கடப்படக் கூடாது என்று நானே "மேடம்" என்றேன். உன் முகத்தில் அப்பாடா என்று ஒரு நிம்மதி வந்ததே அக்கா, அதைப் பார்க்காமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்புறமும் ஒரு சந்தர்ப்பம் கொடுத்தேன். முதலாளி கேட்டார், "என்ன, ரெண்டு பேரும் ஒரே மாதிரி தலையைச் சாய்ச்சுப் பாக்கறீங்க?"ன்னு. நான் பேசாமல் உன்னைப் பார்த்தேன். நீ சிரித்துவிட்டு, "இந்தக் காரைப் பாத்தா எல்லாரும் அப்படித்தான் சார் பாப்பாங்க" என்றாய். சாமர்த்தியம்தான். அன்று முழுக்க "துணியை இன்னும் கொஞ்சம் மேல", "கையை எடும்மா" என்று என்னை வேலை வாங்கினாய். உன் தங்கையை நீ "அம்மா" என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

அம்மா உன் மேல் வருத்தப்படவில்லை. நீ வந்ததே அம்மாவுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. என்னவென்று சொல்வேன்?

இன்னொன்று. பெரிய ரோல்ஸின் பின்சீட்டுப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி இருக்குமே, அதில் கண்ணாடியும் அத்தர் குப்பியும் இருந்தன. வெள்ளி மூடி போட்ட குப்பி. முதலாளியின் அம்மா வைத்திருந்தது. அதைக் காணோம் என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள். நீ பார்த்தாயா? நானும் காரைத் தலைகீழாகக் கவிழ்க்காத குறையாகத் தேடிவிட்டேன். இதுவரை யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நான் உள்ளே போனால் பேச்சு நின்றுவிடுகிறது.

தங்கள் பணிவுள்ள,
பாலிஷ் போடுகிறவள்


பிப்ரவரி 22

வாலு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. நாக்கா அது, சாணை பிடித்த கத்தியா?

முதலில் குப்பி. நான் பார்த்தேன், ஆனால் எடுக்கவில்லை. எந்த வீட்டில், எந்தக் காரில் எடுத்தாலும் வைத்தது வைத்தபடி வைத்துவிட்டுத்தான் வருவேன். இத்தனை வருஷத் தொழிலில் ஒரு சொல் வாங்கியதில்லை. ரோல்ஸின் கம்பளம் ஆட்டு ரோமம், விரல் உள்ளே போனால் கணு வரை காணாமல் போகும். அதற்குள் கிடக்கும், நன்றாகப் பார். நீ பதட்டத்தில் தேடியிருப்பாய். உனக்குப் பக்கத்தில் இருக்கிற பொருள் கண்ணில் படாது, சின்ன வயதிலேயே அப்படித்தான்.

மற்றது. உனக்குப் புரியும்படி சொல்ல முயற்சி செய்கிறேன். இந்தத் தொழிலில் இந்தக் கார்களைப் பற்றிப் புத்தகம் போடுகிறவர்கள், வாங்குகிறவர்கள் எல்லாம் இவற்றின் பின்சீட்டில் பள்ளிக்கூடம் போனவர்கள். என்னை முதல் முறை பார்த்தபோது எடிட்டர், "உனக்கு எப்படி இந்தக் கார் மேல இவ்வளவு ஆசை?" என்று கேட்டாள். "எங்க அப்பாவுக்குக் கார்னா உயிர்" என்றேன். அவள் தானாகவே நம் வீட்டில் கார் இருந்தது என்று எடுத்துக்கொண்டாள். நான் திருத்தவில்லை. அப்பா சர்வீஸ் ஸ்டேஷனில் கார் கழுவியதும் உண்மை, கார்னா உயிர் என்பதும் உண்மை. நான் பொய் சொல்லவில்லை. பாதி சொன்னேன். அந்தப் பாதி இத்தனை வருஷத்தில் வளர்ந்து, புத்தகத்தின் முன்னுரை வரை வந்துவிட்டது.

அன்றைக்கு வாளியும் கையுமாக உன்னைப் பார்த்ததும் எனக்கு நீ தெரியவில்லை, அந்த முன்னுரைதான் தெரிந்தது. இதை எழுதும்போது என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. ஆனால் நீயும் கொஞ்சம் என் பக்கம் நின்று பார். உன்னைப் பற்றி வெட்கம் இல்லை எனக்கு. என் பொய்யைப் பற்றித்தான்.

அம்மாவிடம் சொல்லாததற்கு நன்றி.

அக்கா


மார்ச் 3

உன் முன்னுரை பத்திரமாக இருக்கட்டும்.

சனிக்கிழமை வேலை முடிந்து கிளம்பும்போது கேட்டில் வாட்ச்மேன் நிறுத்தினார். "பையைக் காட்டச் சொல்லியிருக்காங்க, நான் என்ன பண்ண" என்றார். அவர் முகத்திலேயே ஈ ஆடவில்லை. நான் காட்டினேன். காட்டினால் போதாதாம். மேனேஜர் வந்து பையைச் சிமெண்டுத் தரையில் கொட்டச் சொன்னார். சாப்பாட்டு டப்பா உருண்டு போய் டிரைவரின் காலடியில் நின்றது. மாற்றுத் துணி, சீப்பு, அம்மாவின் மாத்திரைச் சீட்டு, எல்லாம் தரையில். தோட்டக்காரர், சமையல்காரம்மா, டிரைவர், எல்லோரும் நின்று பார்த்தார்கள். ஒருத்தரும் குனிந்து எடுத்துத் தரவில்லை. நானே பொறுக்கினேன்.

மேனேஜர் கேட்டார், "கடைசி வரைக்கும் ஷெட்டுக்குள்ள இருந்தது நீயும் அந்தப் போட்டோகிராபரும்தான். அவங்களையா சந்தேகப்படச் சொல்றே?"ன்னு. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "அவங்க என் கூடப் பிறந்த அக்கா, அவங்ககிட்டயே கேளுங்க, நான் எப்படிப்பட்டவள்னு சொல்லுவாங்க" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

அவர் உன் எடிட்டருக்குப் போன் போட்டார். கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்தவள் கொஞ்ச நேரத்தில் திரும்பக் கூப்பிட்டாள். மேனேஜர் ஸ்பீக்கரில் போட்டார். "ஒரே ஊர்க்காரங்களாம். சொந்தமெல்லாம் இல்லையாம்."

ஆக, திருடி என்பதோடு பெரிய இடத்து ஆளைச் சொந்தம் கொண்டாடுகிற புளுகுணியும் ஆனேன். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றுவிட்டார்கள்.

என் போனில் நாம் இரண்டு பேரும் அம்மாவோடு எடுத்துக்கொண்ட படம் இருந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. காட்டியிருந்தால் புளுகுணி என்ற பெயர் போயிருக்கும், கூடப் பிறந்தவளே இல்லை என்று சொன்னவள் என்ற பெயர் உனக்கு வந்திருக்கும். எனக்கு அதுதான் அதிக அவமானமாகப் பட்டது. திருடி என்றால் அது பொய், எனக்குத் தெரியும். மற்றது பொய் இல்லையே.

இனி எழுதாதே.


மார்ச் 9

வாலு, கண்ணே,

எழுதாதே என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை. இதைப் படித்துவிட்டு என்ன வேண்டுமானாலும் செய்.

நேற்று வேறு ஒரு வேலைக்காகக் கறுப்பு வெல்வெட்டைப் பிரித்தேன். பளபளக்கிற இடத்தில் வெளிச்சம் திருப்பி அடிக்காமல் இருக்கப் போடுகிற துணி, நீகூட அன்று மடித்துத் தரவா என்று கேட்டாய். நான் வேண்டாம் என்று நானே சுருட்டினேன். பிரித்தால் நடுவில் குப்பி.

இப்போது எல்லாம் ஞாபகம் வருகிறது. மடிப்பு மேஜையின் வால்நட் மரத்தில் ரேகை இரண்டு பக்கமும் இறக்கை விரித்தது போல ஓடும், அதை எடுத்துக்கொண்டிருந்தேன். குப்பியின் வெள்ளி மூடி மரத்தின் மேல் ஒரு வெள்ளைப் புள்ளியை அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்து வெல்வெட்டின் மேல் வைத்தேன். படம் நன்றாக வந்த சந்தோஷத்தில், துணியைச் சுருட்டிப் பைக்குள் போட்டிருக்கிறேன். கையோடு வீட்டுக்கே கொண்டுவந்திருக்கிறேன். "வைத்தது வைத்தபடி" என்று உனக்கு எழுதிய கையை என்ன செய்வது?

எடிட்டர் போன் செய்தபோது என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஒரு கூட்டத்தில் இருந்தேன். அச்சகத்துக்காரர், அட்டை வடிவமைக்கிறவர், இன்னும் நாலு பேர். "அந்தப் பாலிஷ் போடற பொண்ணு உனக்குத் தங்கச்சியாமே?" என்று போனில் சிரித்துக்கொண்டே கேட்டாள். அவள் சிரித்ததால் நானும் சிரித்தேன். சிரித்தபடியே சொல்லிவிட்டேன். எதற்குக் கேட்கிறாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொள்ள ஆசைப்படுகிறேன். சத்தியம் செய்ய முடியவில்லை.

இப்போது என்ன செய்யலாம் என்று ராப்பகலாக யோசித்தேன். குப்பியைத் தனியாகப் பார்சலில் உனக்கு அனுப்பியிருக்கிறேன், பஞ்சு வைத்துக் கட்டியிருக்கிறது. நீ அதை ரோல்ஸின் சீட்டுக்கு அடியில் கிடந்தது என்று எடுத்துக் கொடுத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். யாருக்கும் தலைகுனிவு இல்லை. உன் வேலை உனக்குத் திரும்பிவிடும். புத்தகம் அச்சுக்குப் போகப்போகிறது, இந்த நேரத்தில் முன்னுரையில் கைவைத்தால் எல்லாம் கெட்டுவிடும். வெளிவந்ததும் நானே எல்லோரிடமும் சொல்கிறேன், உன்னை மேடையில் பக்கத்தில் நிறுத்திச் சொல்கிறேன். அதுவரை பொறுத்துக்கொள். உன்னைத் தவிர யாரிடம் இதைக் கேட்பேன்?

அக்கா


மார்ச் 14

அக்கா,

பார்சலை நான் பிரிக்கவில்லை. வந்தபடியே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

நீ படித்தவள், நாலு இடம் பார்த்தவள். எப்படி உனக்கு இது தோன்றியது? எந்தச் சீட்டுக்கு அடியில் கிடைத்தது என்று நான் சொல்வேன்? என்னைக் கேட்டுக்குள்ளேயே விடுவதில்லை. மதில் ஏறிக் குதித்து, ஷெட்டுப் பூட்டை உடைத்து, சீட்டுக்கு அடியில் வைத்து, வெளியே வந்து, "ஐயா, உள்ளே கிடக்கிறது" என்று சொல்லவா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நீ அந்தச் சோற்றையும் என்னையே வடிக்கச் சொல்கிறாய்.

காணாமல் போன பொருளைக் கொண்டுவந்து கொடுக்கிறவள் யார் அக்கா? எடுத்தவள்தான். இதுவரை அவர்களுக்குச் சந்தேகம். நான் கொண்டுபோய்க் கொடுத்தால் நிச்சயம். எனக்கு வேலை வேண்டும் என்பது உண்மைதான். அந்தக் கார்களைத் தொடாமல் என் கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது, வீட்டுப் பாத்திரத்தையெல்லாம் தேய்த்துத் தள்ளிவிட்டேன். ஆனால் வேலையைவிட எனக்கு வேண்டியது ஒன்று இருக்கிறது. நான் எடுக்கவில்லை என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். அதை நீ ஒருத்திதான் சொல்ல முடியும். நான் நாள் முழுக்கக் கத்தினாலும் எடுபடாது.

"உன்னைத் தவிர யாரிடம் கேட்பேன்" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் படித்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. கேட்க மட்டும் நான் வேண்டியிருக்கிறேன்.

அம்மாவிடம் ஷெட்டில் வெள்ளையடிக்கிறார்கள், அதனால் லீவு என்று சொல்லியிருக்கிறேன். அம்மா, "அந்தக் காருக்கு இருக்கற கவனிப்பு மனுஷனுக்கு இல்ல" என்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்.


மார்ச் 26

வாலு,

சொல்லிவிட்டேன்.

முதலில் எடிட்டர். அவள் அறைக்குப் போய், என் அப்பா கார் கழுவினவர், என் தங்கை கார் துடைக்கிறவள், அன்று நான் சொன்னது பொய் என்றேன். கோபித்துக்கொள்ளவில்லை. "இதுல என்ன இருக்கு, முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றாள். ஆனால் அதுவரை என்னை வா போ என்று பேசிக்கொண்டிருந்தவள், அன்றிலிருந்து வாங்க போங்க என்கிறாள். முன்னுரையைத் தூக்கிவிட்டார்கள். அட்டையும் மாறலாம் என்று கேள்வி.

பிறகு குப்பியை எடுத்துக்கொண்டு உங்கள் முதலாளியிடம் போனேன். எப்படியெல்லாம் திட்டுவார் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். அவர் என்னைச் சோபாவில் உட்கார வைத்தார். டீ வந்தது. நான் குப்பியை மேஜையில் வைத்து, நான்தான் கொண்டுபோனேன், மறதியில், அவளுக்கு ஒன்றும் தெரியாது, அவள் என் சொந்தத் தங்கை, கேட்டபோது இல்லை என்று சொன்னதும் நான்தான் என்றேன். அவர் குப்பியைத் திறந்து மூக்கருகில் வைத்துப் பார்த்தார். அப்புறம் சிரித்தார். "கலைஞர்களுக்கு ஞாபக மறதி சகஜம்" என்றார். "அந்தப் பொண்ண திங்கட்கிழமை வரச் சொல்லிடுங்க" என்றார். அவ்வளவுதான். பேச்சு உடனே டெய்ம்லருக்குப் போய்விட்டது.

நான் அடி வாங்கத் தயாராகப் போனேன். எனக்குப் பிஸ்கட் கொடுத்தார்கள். எடுத்தவளுக்குச் சோபா, எடுக்காதவளுக்குச் சிமெண்டுத் தரை. அந்த டீயைக் குடிக்க முடியவில்லை, குடிக்காமல் வைக்கவும் தைரியம் வரவில்லை. குடித்துவிட்டேன். அதைத்தான் இப்போதும் நினைத்து நினைத்துக் கூசிப்போகிறேன்.

வரும் வழியில் உங்கள் தெருமுனை வரை வந்தேன். கொடியில் அம்மாவின் புடவை காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே வரக் கால் எழவில்லை, திரும்பிவிட்டேன்.

திங்கட்கிழமை போய்ச் சேர்ந்துவிடு. எல்லாம் சரியாகிவிட்டது.

அக்கா


மார்ச் 31

அக்கா,

நீ போய்ச் சொன்னது பெரிய காரியம். உனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். படித்ததும் முதலில் கோபமெல்லாம் இறங்கிவிட்டது. ராத்திரி படுத்த பிறகு மறுபடி ஏறிவிட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

நீ யாரிடம் சொன்னாய்? சோபா போட்ட அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, முதலாளியிடம். என் பையை யார் முன்னால் கொட்டினார்கள்? கேட்டில். வாட்ச்மேன், டிரைவர், தோட்டக்காரர், சமையல்காரம்மா முன்னால். அவர்களிடம் முதலாளி போய், "நாம செய்தது தப்பு" என்று சொல்வாரா? அவர் வேலை அது இல்லை. "அவ பாவம், போனா போகுதுன்னு மறுபடி சேத்துக்கிட்டாரு" என்றுதான் பேசிக்கொள்வார்கள். முதலாளி நல்லவராகிவிடுவார், நான் மன்னிக்கப்பட்ட திருடியாக இருப்பேன். நான் தினமும் சாப்பிட உட்காருவது அவர்களோடுதான், முதலாளியோடு இல்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நீ எழுதியது உன் அளவில் சரிதான்.

இந்தத் திங்கட்கிழமை நான் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அடுத்த திங்கட்கிழமையும் காய்ச்சல் வரலாம். அது உன் கையில் இருக்கிறது. எங்கே கொட்டினார்களோ அங்கே நின்று சொல்ல வேண்டும். முடியாதென்றால் முடியாது என்று எழுதிவிடு, நான் வேறு வேலை பார்த்துக்கொள்கிறேன். ஆனால் சாக்கு எழுதாதே. உன் சாக்குகளைப் படித்துப் படித்து எனக்கு அலுத்துவிட்டது.


ஏப்ரல் 3

வாலு,

திங்கட்கிழமை காலை, நீ வேலைக்குப் போகும் நேரத்துக்குக் கேட்டில் இருப்பேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. முதலாளியிடம் சொல்லும்போது இவ்வளவு பயம் இல்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கே புரிகிறது, நீ சொல்ல வேண்டாம்.

அக்கா


ஏப்ரல் 7

அக்கா,

நேற்று நீ பஸ் ஏறிப் போன பிறகு நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும். நீ சொன்னதையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் உனக்கு நீ என்ன பேசினாய் என்றே தெரிந்திருக்காது, அப்படி நடுங்கிக்கொண்டிருந்தாய்.

நான் வரும்போது நீ வாட்ச்மேன் பக்கத்தில் நின்றிருந்தாய். டிரைவர் பீடியை அணைத்துவிட்டு வந்தார். தோட்டக்காரர் குழாயை மூடவில்லை, தண்ணீர் பாட்டுக்கு ஓடியது. நீ வணக்கம் கூடச் சொல்லவில்லை. "இவ என் தங்கச்சி. குப்பிய எடுத்துட்டுப் போனது நான். இவளைத் தெரியாதுன்னு சொன்னதும் நான். இவ பைய நீங்க கொட்டினப்ப அது என் பையில இருந்துது" என்றாய். அந்தக் கத்து கத்தியிருக்க வேண்டியதில்லை, சமையல்காரம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்துவிட்டாள். அப்புறம் நீ என் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டுக்குள் நாலு அடி வந்தாய். எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. பையைப் பிடுங்கிக்கொண்டு, "நேரமாச்சு, போ" என்று சொல்லிவிட்டு ஷெட்டுக்குள் ஓடிவிட்டேன். உன்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்காக நீ அழுதுகொண்டே போயிருப்பாய்.

திரும்பிப் பார்க்காததற்குக் காரணம் கோபம் இல்லை. வெட்கம். இத்தனை நாளும் அந்த ஒரு வார்த்தையை, "என் தங்கச்சி" என்று நீ நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும் என்று கிடந்து தவித்தேன். நீ சொன்ன உடனே எனக்கு எங்காவது ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. அவர்கள் உன்னைப் பார்த்த பார்வை! உன் செருப்பு முதல் தலை வரை அளந்தார்கள். என் அக்காவை நானே கூட்டிவந்து அப்படி நிறுத்திவிட்டேனே என்று இருந்தது. கேட்டது நான், நியாயமும் என் பக்கம்தான். ஆனாலும் தாங்கவில்லை.

மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். வாட்ச்மேன் தயங்கித் தயங்கி, "அன்னிக்கு நான் அப்படிப் பண்ணியிருக்கக் கூடாதும்மா" என்றார். சமையல்காரம்மா என் தட்டில் இன்னொரு கரண்டி போட்டாள். அப்போது டிரைவர், வாயில் சோற்றை வைத்துக்கொண்டே ஆரம்பித்தார். "கூடப் பொறந்தவளே இல்லன்னு சொல்றாளே, அதெல்லாம் ஒரு பொம்பளையா? படிச்ச திமிரு. போட்டோ எடுக்கறாளாம் போட்டோ. என்னைக் கேட்டா அவதான் வேணும்னே..."

நான் அவரை முடிக்க விடவில்லை. என்ன சொன்னேன் என்று முழுக்க ஞாபகம் இல்லை. எழுந்து நின்றுகொண்டு, கையில் சோற்றோடு, "அவ எங்க அக்கா. அவளைப் பத்தி நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாது. அவ வந்து சொன்னா இல்ல? டப்பா உங்க காலடியில வந்து நின்னப்ப நீங்க குனிஞ்சு எடுத்துக் குடுத்தீங்களா?" என்று கேட்டேன். டிரைவர் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்களே, எனக்கு உடம்பெல்லாம் ஆடியது.

சாயங்காலம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிப்ரவரியிலிருந்து, ஒன்று விடாமல். அம்மா கொடியிலிருந்து எடுத்த புடவையை மடித்து வைத்தாள். பிறகு, "நீ அவளைத் திட்டினியா?" என்று கேட்டாள். கடிதத்தில் திட்டினேன் என்றேன். "கடுதாசில திட்டறது ஒரு திட்டா?" என்றாள்.

அவள் சொல்வது சரி. உன்னை வேறு யாரும் திட்டக் கூடாது. அதற்கு எனக்கு மட்டும்தான் பாத்தியதை. நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பேன். வந்து வாங்கிக்கொண்டு போ.

வாலு